பகடை முதலில், திறன்கள் அப்புறம்

சொந்தமாக ஃபேன்டஸி ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம்) எழுத உட்காருகிறவர்கள் வலிமை, வேகம், அறிவு என்று திறன் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் எந்தப் பகடை என்று முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் பகடையில் விழுந்த எண்ணோடு திறனுக்காகக் கூட்டும் ஒரு +1 போனஸுக்கு என்ன மதிப்பு என்பதைப் பகடைதான் தீர்மானிக்கிறது.

இந்த வகையில் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 5ஆம் பதிப்பில் 20 முகப் பகடை. திறன் 10 என்றால் போனஸ் 0, 18 என்றால் +4. போனஸோடு சேர்த்து 11 அல்லது அதற்கு மேல் வர வேண்டிய இடத்தில் போனஸ் இல்லாதவருக்கு வெற்றி வாய்ப்பு 50 சதவீதம், +4 உள்ளவருக்கு 70. நல்ல வித்தியாசம், ஆனாலும் பலவீனமானவருக்கும் நம்பிக்கை மிச்சமிருக்கிறது.

இதே +4-ஐ இரண்டு 6 முகப் பகடைகளை உருட்டிக் கூட்டும் ஆட்டத்துக்குக் கொண்டுபோனால் கதையே வேறு. கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று வையுங்கள்: போனஸ் இல்லாமல் 42 சதவீதம், +1-க்கே 58, +3-க்கு 83, +4-க்கு 92. அதற்கு மேல் உருட்டுவதே வீண், மேசையில் யாருக்கும் படபடப்பு இருக்காது. அதனால் இங்கே +3-லேயே நிறுத்திவிடுங்கள், என் கணக்கில் +2 இன்னும் நல்லது.

அப்புறம், சோதனை ஆட்டத்தில் எந்தத் திறனுக்கு எத்தனை முறை உருட்டினார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். இரண்டு மூன்று ஆட்டமாக ஒரு கோடுகூட விழாத திறனைத் தயங்காமல் பக்கத்துத் திறனோடு சேர்த்துவிடலாம்.