இலங்கையின் நில, நன்னீர் நத்தைகளைத் தேடிப் பதிவு செய்வது எப்படி?

இலங்கையில் ஏறத்தாழ 250 நில நத்தை இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. பல இனங்கள் ஒரு மலைத்தொடருக்குள்ளோ ஒரு சில காடுகளுக்குள்ளோ ஒடுங்கி வாழ்வதால், எங்கே கண்டோம் என்ற குறிப்பு இல்லாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. உயிருள்ள நத்தையை இருந்த இடத்திலேயே படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துவைப்பதே உண்மையில் பயன் தரும்.

கைவிளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, சிறிய அளவுகோல், வெள்ளைத் தட்டு, அரிதட்டு, குறிப்பேடு ஆகியவை போதும். மழையில் மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலால் எழுதுங்கள். சிங்கராஜ போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஆய்வு செய்யவும், எங்கிருந்தாயினும் உயிர்களைச் சேகரிக்கவும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் பார்த்துப் படமெடுத்துத் தொடங்குவதே நல்லது.

மழை ஓய்ந்த மாலையிலும் இரவிலும் நத்தைகள் வெளியே ஊரும். ஈர வலயத்தில் முதலில் மரத்தண்டுகளைப் பாருங்கள். இலங்கைக்கே உரிய அகாவஸ் நத்தைகளை அங்கே காணலாம். இவற்றின் முதிர்ந்த ஓட்டில் வாயின், அதாவது நத்தை வெளிவரும் திறப்பின், விளிம்பு தடித்து வெளிப்புறமாக மடிந்திருக்கும். அவற்றுள் அகாவஸ் ஹேமஸ்டோமா என்ற இனத்தில் அவ்விளிம்பு பெரும்பாலும் சிவந்திருக்கும். 1900ஆம் ஆண்டளவில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று தோட்டங்களை அழிக்கும் பெரிய ஆபிரிக்க நத்தையின் ஓடோ கூம்பாக நீண்டு, பழுப்புக் கோடுகளுடன், மெல்லிய கூரிய விளிம்போடு இருக்கும். ஆபிரிக்க நத்தை என்று தவறாக எண்ணி அகாவஸைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வேறுபாட்டை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

கண்ணுக்கு எளிதில் அகப்படுபவை பெரிய இனங்களே. ஐந்து மில்லிமீற்றருக்கும் சிறிய எத்தனையோ இனங்கள் உதிர்ந்த இலைகளுக்குள் வாழ்கின்றன. ஒரு கைப்பிடிச் சருகை அரிதட்டில் இட்டு வெள்ளைத் தட்டின்மேல் மெல்லக் குலுக்கி, விழுந்ததைக் கைவில்லையால் பொறுமையாகத் துருவிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் சருகை எடுத்த இடத்திலேயே பரப்பிவிடுங்கள். புரட்டிய கட்டையையும் கல்லையும் பழையபடி வையுங்கள்.

நத்தை தலையை நீட்டும்வரை காத்திருந்து உணர்கொம்புகளைக் கவனியுங்கள். இரண்டு சோடிக் கொம்புகள் இருந்து நீண்ட சோடியின் நுனியில் கண்கள் இருந்தால் அது ஒரு பெரும் பிரிவு. ஒரே சோடி இருந்து அதன் அடியில் கண்கள் இருந்தால் அது வேறு வகை; அந்த நத்தை உள்ளே சுருங்கும்போது ஓட்டின் வாயை ஒரு மூடி அடைப்பதையும் பெரும்பாலும் காணலாம். ஓட்டைப் படமெடுக்கும்போது வாய்ப்புறம், மேற்புறம், அடிப்புறம் என மூன்று கோணங்களில் அளவுகோலுடன் எடுங்கள். நுனி மேலே இருக்க, வாய் உங்களை நோக்கியிருக்கும்படி பிடித்து, வாய் வலப்பக்கமா இடப்பக்கமா என்றும், சுற்றுகள் எத்தனை என்றும் எழுதுங்கள்.

நீரில் தேடுவதென்றால், ஓடைக் கற்களில் ஒட்டியிருக்கும் பலுடோமஸ் இனங்களையும், வயல்களிலும் குளங்களிலும் வாழும் பைலா எனும் ஆப்பிள் நத்தையையும் பாருங்கள். வெளியிலிருந்து வந்து பரவிய பொமேசியாவும் பைலாவைப் போலவே தோன்றும் என்றாலும், மூடியைப் பார்த்தால் குழப்பம் தீரும்: பைலாவின் மூடி சுண்ணாம்புத் தன்மையுடன் கல்போலக் கடினமானது, பொமேசியாவின் மூடி நகத்தைப் போன்றது, சற்று வளையும். மீன்தொட்டி நத்தைகளை ஒருபோதும் கால்வாயில் விடாதீர்கள்.

குறிப்பில் நாள், நேரம், ஊர், உயரம், ஆள்கூறுகள், எதன் மேல் இருந்தது, உயிருள்ளதா வெற்று ஓடா என்பன அனைத்தும் இடம்பெற வேண்டும். இனப்பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் அகாவஸ், பைலா என்பன போன்ற பேரினப் பெயரோடு (நெருங்கிய இனங்களின் தொகுதிக்குரிய பெயரோடு) நிறுத்திவிடுங்கள். தவறான பெயரைவிட அது மேல். நத்தைகள், குறிப்பாக ஆபிரிக்க நத்தை, மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடும் என்பதால், தொட்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கழுவும்வரை வாயையும் கண்ணையும் தொடாதீர்கள்.