இங்கிலாந்துச் சட்டத்தில் நிறுவனத்தின் தற்காப்பு: குற்றம் நடப்பதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தின்மீது லஞ்சம், மோசடி, வரி ஏய்ப்பு போன்ற குற்றங்களுக்காக வழக்கு வந்தால், அதைக் காப்பாற்றக்கூடிய ஆவணங்கள் அனைத்தும் குற்றம் நடந்த நாளுக்கு முந்தைய தேதியிட்டவையாக இருக்க வேண்டும். விசாரணை தொடங்கிய பிறகு அவசரமாக எழுதப்படும் கொள்கை அறிக்கை, தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது ஓரளவு கைகொடுக்கலாம், குற்றத்திலிருந்து விடுவிக்காது. எனவே தற்காப்பை வழக்கறிஞரின் வேலை என்று ஒதுக்கி வைக்காமல், நிர்வாகத்தின் அன்றாட வேலையாகவே கருதித் தொடங்குவது நல்லது.

முதலில் சட்டம் எப்படி மாறியது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1971-இல் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்ஸ் வழக்கில், சலவைத்தூள் தள்ளுபடி விலையில் கிடைக்கும் என்று கடையில் விளம்பரம் தொங்க, அந்த விலையில் சரக்கு இல்லாமல் போனது. கவனிக்கத் தவறியவர் கிளை மேலாளர். அவர் நிறுவனத்தின் ‘மூளை’ அல்லர் என்று, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்ததால் நிறுவனம் தப்பியது. இதனால் பல அடுக்கு நிர்வாகம் கொண்ட பெரிய நிறுவனங்களைத் தண்டிப்பது மிகக் கடினமாகவும், உரிமையாளரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சிறு நிறுவனங்களைத் தண்டிப்பது எளிதாகவும் பல ஆண்டுகள் இருந்துவந்தது. அந்த அநீதியைச் சரிசெய்யத்தான், தனக்காகப் பணியாற்றுபவர் செய்யும் குற்றத்தைத் தடுக்க ஏற்பாடு செய்யாத நிறுவனத்தையே பொறுப்பாக்கும் ‘தடுக்கத் தவறிய குற்றம்’ என்ற புதிய வகை உருவானது.

உங்கள் நிறுவனத்துக்கு இந்த வகைக் குற்றங்களில் எவை பொருந்தும் என்று பார்ப்பது முதல் படி. 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 2010-ஆம் ஆண்டு லஞ்சத் தடைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, அளவு எதுவானாலும் எல்லா வணிக நிறுவனங்களுக்கும் பொருந்தும். வேறு நாட்டில் பதிவான நிறுவனம் தன் தொழிலின் ஒரு பகுதியை ஐக்கிய இராச்சியத்தில் நடத்தினாலும் அது இந்தப் பிரிவுக்குள் வரும். வரி ஏய்ப்புக்கு உடந்தையாவதைத் தடுக்கத் தவறும் குற்றம் 2017 செப்டம்பர் 30 முதல் உள்ளது. அதற்கும் அளவு வரம்பு இல்லை. மோசடியைத் தடுக்கத் தவறும் குற்றம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும். 250-க்கு மேற்பட்ட ஊழியர்கள், 3.6 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட விற்றுவரவு, 1.8 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட மொத்தச் சொத்து ஆகிய மூன்றில் இரண்டு முந்தைய நிதியாண்டில் பொருந்தியிருந்தால் அது பெரிய நிறுவனம். தாய் நிறுவனமாக இருந்தால் துணை நிறுவனங்களின் கணக்கும் சேரும்.

இந்த மூன்றிலும் ஊழியர், முகவர், துணை நிறுவனம் என்று உங்கள் சார்பில் பணியாற்றும் எவர் செய்த குற்றமும் உங்கள் வாசலுக்கு வரும். இயக்குநர்களுக்கு அது தெரியாது என்பது பதிலாகாது. லஞ்ச வழக்கில் ‘போதுமான நடைமுறைகள்’ இருந்தன என்றும், மற்ற இரண்டில் ‘நியாயமான தடுப்பு நடைமுறைகள்’ இருந்தன என்றும் நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை. இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஜூரிக்குக் காட்டினால் போதும். ஆனால் இந்தத் தற்காப்புக்கு ஓர் எல்லை உண்டு. 2023-இன் பொருளாதாரக் குற்றச் சட்டப்படி, ஒரு மூத்த மேலாளர் தன் அதிகார வரம்புக்குள் செயல்பட்டுப் பொருளாதாரக் குற்றம் செய்தால் நிறுவனமும் குற்றவாளியாகும். அங்கே நடைமுறைகள் நன்றாக இருந்தன என்ற வாதத்துக்கு இடமில்லை. ஆகவே மேல்மட்டத்தில் யார் எதில் கையெழுத்திடலாம் என்பதை எழுத்தில் வரையறுத்து, பெரிய தொகைகளுக்கு இரண்டாவது கையெழுத்தையும் கட்டாயமாக்குங்கள்.

ஸ்கான்சென் இன்டீரியர்ஸ் வழக்கை ஒவ்வொரு சிறு நிறுவனமும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுமார் 30 பேர் வேலைசெய்த உள்ளலங்கார நிறுவனம் அது. புதிதாக வந்த தலைமை அதிகாரி சந்தேகத்துக்குரிய கட்டணங்களைக் கண்டுபிடித்தார், உள்விசாரணை நடந்தது, ஒரு தொகை போகாமல் தடுக்கப்பட்டது, நிறுவனம் தானாகவே அதிகாரிகளிடம் தெரிவித்தது. இருந்தும் லஞ்சத்தைத் தடுக்கத் தவறியதற்காக 2018-இல் ஜூரி அதைக் குற்றவாளி என்றது. நாங்கள் சிறியவர்கள், ஒரே கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், நேர்மை எங்கள் இயல்பு, விரிவான கொள்கை எதற்கு என்ற வாதம் எடுபடவில்லை. புதிய லஞ்சச் சட்டம் வந்தபோது ஊழியர்களுக்கு அதைப்பற்றிச் சொன்னதற்கான அக்காலப் பதிவும் இல்லை, சட்டவிதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்கும் பொறுப்பான அலுவலரும் இல்லை.

அந்த இரண்டு குறைகளையும் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பில் அதைப் பதியுங்கள். பயிற்சி கொடுத்த நாள், வந்தவர் கையெழுத்து, வராதவருக்கு மறுபடி நடத்திய நாள் ஆகியவற்றை வைத்திருங்கள். அதன்பிறகு ஆபத்து மதிப்பீட்டுக்கு வாருங்கள். எங்கோ கிடைத்த மாதிரிப் படிவத்தை நிரப்புவது மதிப்பீடு ஆகாது. எந்தப் பணியில் வெளியாரிடம் அனுமதி வாங்குகிறோம், யாருக்குக் கமிஷன் தருகிறோம், விற்பனை இலக்கை எட்டாவிட்டால் யாருடைய போனஸ் போகும் என்று துறை துறையாகக் கேட்டால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

வெளிநாட்டு லஞ்ச வழக்குகளில் பெரும்பாலானவற்றில் பணம் முகவர் வழியாகத்தான் போகிறது என்பதால் இங்கே கூடுதல் நேரம் செலவிடுவது தகும். ஓர் எடுத்துக்காட்டு: வழக்கமாக 3 சதவீதக் கமிஷன் தரும் தொழிலில், புதிய ஆலோசகர் 9 சதவீதம் கேட்கிறார், பணத்தைத் தான் வசிக்கும் நாட்டிலோ வேலை நடக்கும் நாட்டிலோ அல்லாமல் மூன்றாவது நாட்டு வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார், பில்லில் ‘பொதுச் சேவைகள்’ என்ற ஒரே வரி. இந்த பில் கணக்குப் பிரிவின் மேசைக்கு வரும்போது, அதை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் அங்கே இருக்கும் இளநிலை ஊழியருக்கு உண்டா? அவர் கேட்ட கேள்வியும், வந்த பதிலும், முடிவெடுத்தவர் பெயரும் கோப்பில் இருந்தால், அந்த ஒரு பக்கம் நாற்பது பக்கக் கொள்கையைவிட நீதிமன்றத்தில் கனமாக நிற்கும்.

பரிசு, விருந்து ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு போதும். நியாயமான உபசரிப்பைச் சட்டம் தடுக்கவில்லை. மறுக்கப்பட்ட பரிசுகளும் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். எல்லாமே அனுமதிக்கப்பட்டதாகக் காட்டும் பதிவேட்டை யாரும் நம்ப மாட்டார்கள். கோப்பை நகர்த்துவதற்காக அதிகாரிக்குக் கொடுக்கும் சிறு தொகைக்கு லஞ்சத் தடைச் சட்டத்தில் விலக்கு கிடையாது.

பணியிடப் பாதுகாப்பின் கணக்கு வேறு. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நடைமுறையில் நியாயமாகச் செய்யக்கூடிய அனைத்தையும் செய்தோம் என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது. இயக்குநரின் சம்மதம், கண்டும் காணாமை, அலட்சியம் இருந்தால் அவர்மீதே தனி வழக்கு வரும். நிறுவனக் கொலைக்குற்றச் சட்டத்தின்கீழ் 2011-இல் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்ட காட்ஸ்வால்ட் ஜியோடெக்னிக்கல் ஒரு சிறு நிறுவனம்தான். பக்கங்களுக்குத் தாங்கல் கொடுக்காமல் மண்ணைச் சோதிக்கத் தோண்டிய குழி சரிந்து ஊழியர் ஒருவர் இறந்ததற்கு 3,85,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ தவறு தெரியவந்தால், அன்றே மின்னஞ்சல்கள் தானாக அழியும் ஏற்பாட்டை நிறுத்துங்கள். விசாரணை வரும் என்று தெரிந்தே ஆவணத்தை அழிப்பது தனிக் குற்றம். குற்றவியல் வழக்குகளைக் கவனிக்கும் சொலிசிட்டரை (வழக்கறிஞரை) அழைத்த பிறகே ஊழியர்களிடம் வாக்குமூலம் எடுங்கள். இல்லையேல் அந்தக் குறிப்புகளை விசாரணையாளரிடம் காட்டாமல் வைத்திருக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். தானாக முன்வந்து தெரிவித்து ஒத்துழைக்கும் நிறுவனத்துக்கு, பணம் செலுத்தி நிபந்தனைகளை ஏற்று வழக்கை ஒத்திவைக்கச் செய்யும் உடன்பாட்டுக்கு வழி உண்டு. 2017-இல் ரோல்ஸ் ராய்ஸ், முதலில் தானாகத் தெரிவிக்காதபோதும், பின்னர் முழுமையாக ஒத்துழைத்ததால் அத்தகைய உடன்பாட்டைப் பெற்றுச் சுமார் 49.7 கோடி பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாடு நிறுவனத்தை மட்டுமே காக்கும், தனிநபர்களைக் காக்காது. ஆகவே சம்பந்தப்பட்ட இயக்குநர், நிறுவனத்தின் வழக்கறிஞரை நம்பியிராமல், தனக்கென வேறொருவரை முதல் நாளே அமர்த்திக்கொள்ள வேண்டும்.