லிங்க்ட்இன் புரொஃபைல்: ரெக்ரூட்டர் கண்ணில் படாமல் போவது எதனால்?

வேலை தேடுகிறவர்கள் லிங்க்ட்இனில் அதிக நேரம் செலவழிப்பது போட்டோவுக்கும் பேனருக்கும்தான். கம்பெனிக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டர் உங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகே அதெல்லாம் பயன்படும். அதற்கு முன் நடப்பது தேடல். பெரிய நிறுவனங்களின் ரெக்ரூட்டர்கள் நாம் பார்க்கும் சாதாரண லிங்க்ட்இனை வைத்துத் தேடுவதில்லை. சந்தா கட்டி வாங்கிய தனிப் பதிப்பு அவர்களிடம் இருக்கிறது. பதவி, ஊர், ஸ்கில், அனுபவ ஆண்டு, இப்போதைய கம்பெனி என்று ஒவ்வொன்றாக ஃபில்டர் போடுவார்கள். அதில் ஒன்றில் விடுபட்டாலும் உங்கள் பெயர் பட்டியலுக்கே வராமல் போகலாம். அதனால் பெரிய தவறுகள் எழுத்து நடையில் இல்லை, காலியாகவோ தப்பாகவோ விட்ட கட்டங்களில் இருக்கின்றன.

முதலில் ஹெட்லைன், அதாவது பெயருக்குக் கீழே வரும் வரி. 220 கேரக்டர் வரை இடம் தருகிறார்கள். 'ஆஸ்பைரிங் புரொஃபஷனல் | பேஷனேட் லேர்னர் | சீக்கிங் ஆப்பர்சூனிட்டீஸ்' என்று நிரப்பி வைப்பவர்கள் ஏராளம். இந்த மூன்றையும் எந்த ரெக்ரூட்டரும் தேடல் பெட்டியில் தட்டுவதில்லை. அவர் தட்டுவது பதவிப் பெயரையும் ஸ்கில்லையும். 'ஜாவா பேக்எண்ட் டெவலப்பர் | ஸ்பிரிங் பூட், காஃப்கா | பேங்கிங் பேமெண்ட்ஸ் | 4 ஆண்டு' என்று இருந்தால் தேடலிலும் சிக்கும், படிப்பவருக்கும் ஒரே பார்வையில் ஆள் யாரென்று புரியும். மொபைலில் ஹெட்லைன் பாதியிலேயே வெட்டுப்படும் என்பதால் பதவிப் பெயர் முன்னால் வரட்டும்.

ஹெட்லைன் பளிச்சென்று தெரியட்டும் என்று ஏதாவது ஒரு வெப்சைட்டில் எழுத்தைத் தடிமனாக்கிக் கொண்டுவந்து ஒட்டுவது இன்னொரு வழக்கம். அவை போல்ட் எழுத்துகளே அல்ல. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் கணிதக் குறியீடுகளுக்கென ஒதுக்கப்பட்ட வேறு குறிகள். கண்ணுக்கு 'ஜாவா' என்று தெரிவது தேடலுக்கு அந்தச் சொல்லாகப் படாமல் போகலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அதைப் படிக்கத் திணறும். சாதாரண எழுத்தே போதும்.

பதவிப் பெயரில் வேறொரு சிக்கல். ஆஃபர் லெட்டரில் 'அசோசியேட்', 'அனலிஸ்ட் 2', 'மெம்பர் டெக்னிக்கல் ஸ்டாஃப்' என்று இருக்கும். அது கம்பெனியின் உள் கிரேடு. வெளியே யாரும் அப்படித் தேடமாட்டார்கள். அதற்காக இல்லாத பதவியை எழுதிவிடக் கூடாது, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டும். 'அசோசியேட் – ஆட்டோமேஷன் டெஸ்ட் இன்ஜினியர்' என்று கிரேடையும் செய்யும் வேலையையும் சேர்த்துப் போட்டால் இரண்டு பக்கமும் பாதுகாப்பு. சேர்ந்த, விலகிய மாதங்களும் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போகட்டும். பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணை வைத்தே இந்தத் தேதிகளைப் பலர் சரிபார்க்கிறார்கள். இடைவெளியை மறைக்க மாதங்களை நீட்டினால் அங்கே தெரிந்துவிடும்.

கம்பெனி பெயரை முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தட்டும்போது கீழே விரியும் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் லோகோ இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் நிற்கும். உங்கள் புரொஃபைல் அந்தக் கம்பெனியின் பக்கத்தோடு இணையாது, கம்பெனி வாரியாகத் தேடுபவர் கண்ணிலும் படாது. உங்கள் பக்கத்தில் எத்தனை சாம்பல் கட்டம் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். ஊரும் அப்படித்தான். வெறும் 'இந்தியா' என்று விட்டால் சென்னைக்கோ கோவைக்கோ ஆள் தேடுபவரின் ஃபில்டரில் நீங்கள் நழுவிவிடுவீர்கள்.

அதிகம் வீணாகும் இடம் அனுபவப் பகுதி. ஆஃபர் லெட்டரோடு வந்த ஜாப் டிஸ்க்ரிப்ஷனை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசர் 'ஆர்டர் ஃபாலோ-அப் மற்றும் பையர் தொடர்புப் பணிகளுக்குப் பொறுப்பு' என்று எழுதினால், ஊரிலுள்ள எல்லா மெர்ச்சண்டைசரும் அதையேதான் செய்கிறார்கள். 'ஐரோப்பிய பையர்கள் 3 பேர், நிட்வேர், மாதம் சுமார் 40,000 பீஸ், காஸ்டிங், ஃபிட் சாம்பிள் அப்ரூவல் முதல் ஷிப்மெண்ட் வரை' என்று எழுதினால் எந்த அளவு வேலை தாங்குவார் என்பது உடனே விளங்கும். எண் சொல்ல முடியாத வேலையென்றால் அளவைச் சொல்லலாம்: எத்தனை பேர் டீம், எந்த சாஃப்ட்வேர், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை. ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் இருப்பவர்கள் கிளையண்ட் பெயரைப் போடுமுன் யோசிக்க வேண்டும். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் 'அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று' என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்கில் பகுதியில் 100 வரை சேர்க்கலாம் என்பதற்காக எம்.எஸ். வேர்டையும் டைம் மேனேஜ்மெண்டையும் கொட்ட வேண்டியதில்லை. நீங்கள் விரும்பும் பதவிக்கான 10 விளம்பரங்களைத் திறந்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை எடுங்கள். அவற்றில் இன்டர்வியூவில் கேட்டால் பதில் சொல்ல முடிந்தவற்றை மட்டும் முதலில் வையுங்கள். அபவுட் பகுதி 2,600 கேரக்டர் கொள்ளும், ஆனால் திறக்காமல் தெரிவது முதல் சில வரிகளே. சிறுவயதுக் கனவில் ஆரம்பிக்காமல் என்ன வேலை, எந்தத் துறை, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று ஆரம்பியுங்கள். 90 நாள் நோட்டீஸ் சாதாரணமாகிவிட்ட ஊரில், ஏற்கெனவே பேப்பர் போட்டவர் கடைசி வேலை நாளை எழுதிவைப்பது பெரிய அனுகூலம்.

வேலை தேடுவதைக் காட்ட போட்டோவைச் சுற்றி 'ஓபன் டு ஒர்க்' பச்சை வளையம் போடலாமா என்ற விவாதம் ஓயாது. வேலையில் இல்லாதவர் தயங்க வேண்டியதில்லை. வேலையில் இருப்பவர் 'ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்' என்ற தேர்வை எடுக்கலாம். அதை உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும், ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. புதிதாக வேலை விவரம் சேர்க்கும்போது 'நெட்வொர்க்குக்குத் தெரிவி' என்ற பட்டனை அணைத்துவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் மேனேஜருக்கும் அறிவிப்பு போகலாம். அக்கவுண்டை ஆபீஸ் மெயிலில் மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து. வேலையை விட்ட நாளில் அந்த மெயில் மூடிவிடும், பாஸ்வேர்ட் மறந்தால் உள்ளேயே போக முடியாது.

ஹைரிங் போஸ்ட்களின் கீழே 'இன்ட்ரெஸ்டட்' என்று போட்டுவிட்டுக் காத்திருப்பது பெரும்பாலும் போஸ்ட் போட்டவரின் ரீச்சைத்தான் கூட்டும். அந்த நேரத்தில் அவருக்கு நான்கு வரி மெசேஜ் அனுப்பலாம்: எந்தப் பதவி, எத்தனை ஆண்டு, எந்த ஊர், எப்போது சேர முடியும். ரெக்ரூட்டர் தாமாக அனுப்பும் இன்மெயிலுக்கு (தொடர்பில் இல்லாதவருக்கும் அனுப்பக்கூடிய லிங்க்ட்இன் மெசேஜ்), வேலை பிடிக்காவிட்டாலும் பதில் போடுங்கள். ஒவ்வொரு இன்மெயிலுக்கும் அவருக்கு ஒரு கிரெடிட் செலவு. 90 நாளுக்குள் 'வேண்டாம்' என்று வந்தாலும் அது அவருக்குத் திரும்பக் கிடைக்கும்.