பிராண்டைஸில் சேர்வது எப்படி? யூதர்கள் தொடங்கிய ஒரு சின்னப் பல்கலைக்கழகம், படிப்படியாக

அமெரிக்காவில் இளங்கலை படிக்கப் போகிறேன் என்று பிள்ளைகள் எடுத்து வரும் பட்டியலில் பத்துப் பெயர் இருந்தால், பத்தும் எல்லோரும் கேள்விப்பட்ட பெயர்களாகவே இருக்கும். பிராண்டைஸ் அதில் இருப்பதில்லை. நாமாகச் சொன்னால், "அது யூதர் கல்லூரி ஆச்சே, நம்மைச் சேர்ப்பார்களா?" என்று கேட்கிறார்கள். சேர்ப்பார்கள். அது தொடங்கப்பட்டதே அப்படி எல்லோரையும் சேர்ப்பதற்காகத்தான்.

என் அண்ணன் மகளோடு சேர்ந்து இந்த விண்ணப்பத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை உட்கார்ந்து நிரப்பினேன். அப்போது புரிந்துகொண்டதை, இதுவரை எந்த அமெரிக்க விண்ணப்பத்தையும் பார்த்திராதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: இது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1920களில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்கள் நிறையப் பேர் சேர ஆரம்பித்தார்கள். அதைக் குறைக்க வேண்டும் என்று 1922-ல் ஹார்வர்டின் தலைவர் லோவெல் வெளிப்படையாகவே பேசினார். விண்ணப்பத்தில் மதம் கேட்டார்கள். "உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ பிறந்த பிறகு மாற்றப்பட்டதா?" என்றும் கேட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்ட யூதக் குடும்பங்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வி. மருத்துவக் கல்லூரிகளிலும் இதே கதைதான்.

யூதர்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்க மறுத்த ஒரு சிறு மருத்துவக் கல்லூரி, பாஸ்டனுக்கு மேற்கே வால்தம் என்ற ஊரில் இருந்தது. பெயர் மிடில்செக்ஸ். அங்கீகாரம் கிடைக்காமல் அது நொடித்துப்போனபோது, அந்த வளாகத்தை யூதச் சமூகத்தினர் ஏற்றுக்கொண்டார்கள். அங்கேதான் 1948-ல் 107 மாணவர்களோடு பிராண்டைஸ் தொடங்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியான லூயிஸ் பிராண்டைஸின் பெயரை வைத்தார்கள். யூதர்கள் பணம் போட்டார்கள். ஆனால் மதம் பார்க்காமல் எல்லோரையும் சேர்ப்பது என்று முதல் நாளிலேயே முடிவாகிவிட்டது.

வளாகத்தில் ஒரு குளத்தைச் சுற்றி மூன்று வழிபாட்டுக் கூடங்கள் இருக்கின்றன. ஒன்று யூதர்களுக்கு, ஒன்று கத்தோலிக்கர்களுக்கு, ஒன்று புராட்டஸ்டண்டுகளுக்கு. 1955-ல் கட்டியபோது, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி அளந்து வைத்தார்கள். இந்தக் கல்லூரியைப் பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியும் என்றால், நான் அந்த நிழலைத்தான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். யூதக் கல்லூரிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தில் தோரா, தல்மூத் என்ற யூத மறைநூல்களின் படிப்பும் பட்டப்படிப்பும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். இளங்கலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வளாகம். யூத வாழ்க்கையை உள்ளிருந்து வாழ்பவர்களுக்கான இடம் அது. பிராண்டைஸ் அந்த வகை இல்லை.

இரண்டாம் படி: விண்ணப்பம்

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் என்ற பொது இணையதளத்தில் கணக்குத் தொடங்குங்கள். பிளஸ் 1 முடிந்த கோடை விடுமுறையில் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். கடைசித் தேதிகள் பிளஸ் 2 படிக்கும்போதே வந்துவிடும்: முன்கூட்டிய முடிவு வேண்டுவோருக்கு நவம்பர் 1, மற்றவர்களுக்கு ஜனவரி தொடக்கம். முன்கூட்டிய முடிவு என்றால், சேர்த்தால் வந்தே தீருவேன் என்று கையெழுத்துப் போடுவது. எவ்வளவு உதவி கிடைக்கும் என்று மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பமாக இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

9-ஆம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் பரிந்துரைக் கடிதம், பள்ளி ஆலோசகர் அறிக்கை ஆகியவை வேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் ஆலோசகர் என்று தனியாக யாரும் இருப்பதில்லை. தலைமை ஆசிரியரே அந்த இடத்தில் கையெழுத்துப் போடலாம். ஆனால் அவருக்குப் பள்ளியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும், கோப்புகளை அவர்தான் நேரடியாக ஏற்ற வேண்டும். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இந்த ஒரு வேலைதான். ஆகஸ்டிலேயே போய்ப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். எஸ்ஏடி என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை. நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்பலாம். ஆங்கிலத் திறன் தேர்விலிருந்து விலக்கு உண்டா என்று, ஆங்கில வழியில் படித்தவர்கள் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கட்டுரை. பொதுக் கட்டுரை எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான். பிராண்டைஸ் தனியாகவும் ஒரு கேள்வி கேட்பதுண்டு. அண்மையில் கேட்டது இது: யூத வெறுப்பு, இனவெறி, பாலினப் பாகுபாடு ஆகியவற்றுக்கு எதிராகத் தொடங்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்புகளைப் பற்றிய உங்கள் பார்வையை உங்கள் படிப்பு அனுபவம் எப்படி வடிவமைத்தது? முதல் படியில் வரலாறு சொன்னது இதற்காகவும்தான். அண்ணன் மகள் முதலில் எழுதியது முழுக்க நீதி, சமத்துவம் என்ற பெரிய சொற்கள். கிழித்துப் போட்டுவிட்டு, தன் வகுப்பில் யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள், யார் தண்ணீர்க் குடத்தைத் தொடத் தயங்கினார்கள் என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் முடிந்தது. இப்படிப்பட்ட கேள்விக்கு நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு நிறைய உண்டு. வேறெங்கும் தேட வேண்டாம்.

மூன்றாம் படி: பணம்

இங்கே அவசரப்படாதீர்கள். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்பிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 90,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 90 ரூபாய் என்றால் 81 லட்சம். பயந்து மூடிவிட வேண்டாம். இது கடைப்பலகையில் எழுதிய விலை. உதவி வாங்கும் மாணவர் கட்டுவது வேறு விலை.

உங்கள் பிள்ளைக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் வழி எளிது. 2025-ல் சேர்ந்தவர்களிலிருந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 75,000 டாலருக்குக் கீழே இருந்தால் கற்பிப்புக் கட்டணம் முழுவதையும் உதவியாகவும், 2 லட்சம் டாலர் வரை இருந்தால் பாதியையாவது உதவியாகவும் தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்திருக்கிறது. சொத்து மிக அதிகம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் இருக்கும் நம் குடும்பங்கள் பல இந்த வரம்புக்குள் வருவார்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விண்ணப்பிப்பவர்களுக்குப் பாதை கொஞ்சம் குறுகல். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால், அது சேர்க்கை முடிவிலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அதற்காகக் கேட்காமல் விட்டு, சேர்ந்த பிறகு கேட்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. தேவை என்றால் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே 1958-ல் லாரன்ஸ் வீன் குடும்பத்தினர் ஏற்படுத்திய வீன் உதவித்தொகை இங்கே உண்டு. பல நாட்டுப் பிள்ளைகளை அது படிக்க வைத்திருக்கிறது. அதன் விதிகளை அந்தந்த ஆண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உதவி கேட்க சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். முதல் கல்லூரிக்குக் கட்டணம் 25 டாலர். சம்பளம், வீட்டின் மதிப்பு, வங்கி இருப்பு, கடன் எல்லாம் கேட்பார்கள். ரூபாயிலேயே எழுதலாம். ஊரில் இருக்கும் பங்கு நிலத்தை மறைக்காதீர்கள். தாத்தா பாட்டியின் மருத்துவச் செலவு, தங்கை கல்லூரிச் செலவு போன்றவற்றை விளக்கம் எழுதும் இடத்தில் விடாமல் எழுதுங்கள். கூச்சப்பட்டு இதையெல்லாம் விட்டுவிட்டால் நம் நிலைமை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. 60,000 டாலர் உதவி என்று போட்டிருக்கிறது என்று வைப்போம். 90,000-ல் 60,000 போக மீதி 30,000. நான்கு ஆண்டுக்கு 1,20,000 டாலர் என்று பெருக்கிவிடுவோம், இல்லையா? நானும் அப்படித்தான் பெருக்கினேன். செலவு ஆண்டுதோறும் 4 விழுக்காடு ஏறி, உதவி மட்டும் 60,000-லேயே நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் ஆண்டு 30,000. இரண்டாம் ஆண்டு 33,600. மூன்றாம் ஆண்டு 37,344. நான்காம் ஆண்டு 41,238. கூட்டினால் 1,42,182 டாலர். வித்தியாசம் ஏறக்குறைய 20 லட்சம் ரூபாய். அதனால் மே 1-க்குள் பதில் சொல்வதற்கு முன், "கட்டணம் ஏறும்போது உதவியும் ஏறுமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வளாகத்தில் வேலை செய்து கட்டிவிடுவேன் என்று பிள்ளை சொல்லும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில், படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான். மாசசூசெட்ஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். முழு 20 மணி நேரமும் 30 வாரம் செய்தால்கூட 9,000 டாலர். படிப்புச் சுமையில் அதில் பாதி செய்தாலே பெரிது. கைச்செலவுக்கு ஆகும். விசாவுக்கு முன், வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு பதிவு செய்வதற்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர் தனி. இங்கிருந்து பெரிய தொகை அனுப்பும்போது வங்கி வரி பிடிக்கும். வருமான வரித் தாக்கலில் அதைத் திரும்பக் கேட்கலாம். வங்கிக் கல்விக் கடனாக அனுப்பினால் அந்தப் பிடித்தம் இல்லை.

நான்காம் படி: படிப்பு

பட்டத்துக்கு 128 கிரெடிட். ஒரு பாடத்துக்கு 4 கிரெடிட் என்பதால் 32 பாடம், பருவத்துக்கு நான்கு. முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் சொன்னால் போதும். இரண்டு முதன்மைப் பாடம் எடுப்பவர்கள் அதிகம்: உயிரியலும் வரலாறும், கணினியும் இசையும் என்று.

இளங்கலை மாணவர்கள் சில ஆயிரம் பேர்தான் என்பதால், ஆய்வகத்துக்குள் சீக்கிரம் நுழையலாம். பழ ஈக்களை வைத்து உடலின் உள்கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும் அந்த வேலையைச் செய்தது இங்கேதான். 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடித்தளம் போட்டு 2023-ல் நோபல் பெற்ற ட்ரூ வைஸ்மன் இங்கே இளங்கலை படித்தவர்.

யூதவியல் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு பருவம் எபிரேயம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்வேன். சாலொமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களை எபிரேய வேதாகமம் "துக்கி" என்கிறது. அது நம் "தோகை"தான் என்று கால்டுவெல் முதல் பலர் கருதியிருக்கிறார்கள். அந்த வகுப்பில் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரக்கூடிய மாணவர் நம் பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: போய்ச் சேர்ந்த பிறகு

சாப்பாட்டுக் கூடத்தில் கோஷர் உணவு, அதாவது யூத விதிப்படி செய்த உணவு, தனியாக இருக்கும். இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பது யூத விதி. அதனால் கோஷர் உணவில் பால் வகை என்று குறித்திருந்தால் அதில் இறைச்சி கிடையாது. "பரேவ்" என்றால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. சைவப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த இரண்டிலும் மீனும் முட்டையும் இருக்கலாம், விதிப்படி அது தவறில்லை. கேட்டுவிட்டுத் தட்டில் போடுங்கள்.

இன்னொன்று நாட்காட்டி. யூதப் புத்தாண்டுக்கும், பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கும் வகுப்பு கிடையாது. தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுவதுபோல இந்தப் பண்டிகைகளும் மாறும். அவர்களுக்கும் சந்திர மாதம், இடையிடையே ஓர் அதிக மாதம். விடுமுறையால் திங்கள் வகுப்புகள் நிறையப் போய்விட்டால், ஒரு செவ்வாய்க்கிழமையைத் திங்கள் என்று அறிவித்துத் திங்கள் பாடங்களை நடத்துவார்கள். அந்த நாளுக்கு "பிராண்டைஸ் திங்கள்" என்றே பெயர். பருவம் தொடங்கும்போதே அவற்றை அலைபேசியில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் முதல் ஆண்டு மாணவர்கள் அன்றைக்கு வேறு வகுப்பறையில் போய் நிற்பார்கள்.