மறுபடியும் வந்த போட்டியாளரைப் பார்ப்பது எப்படி?

தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஒருமுறை கலந்துகொண்டவர் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும்போது, முதல் வாரம் முடிவதற்குள்ளாகவே "ஆளே மாறிட்டாரு" என்றோ "பிறவிக் குணம் எங்க போகும்" என்றோ நாம் முடிவுகட்டிவிடுகிறோம். மதுரை வில்லாபுரத்தில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் இரவு ஒன்பதரைக்கு மேல் நடக்கும் விவாதங்களில் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். மீண்டும் வந்திருந்த ஒருவர் முன்பைவிடப் பொறுமைசாலியாகிவிட்டார் என்று நான் வாதாடிய ஓர் இரவில், அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே, "அவன் அப்படியேதாப்பா இருக்கான், அவன்கிட்ட மத்தவுக பேசுறதுதான் மாறியிருக்கு" என்றார்.

மறுநாள் பழைய பகுதிகளைப் போட்டுப் பார்த்தேன். முதல் முறை அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் குறுக்கே பேசியிருக்கிறார். அதன் பிறகுதான் அவர் குரல் உயர்ந்திருக்கிறது. இரண்டாம் முறை அவர் போட்டி நடக்கும் வீட்டுக்குள் மூத்தவர். "நீங்க சொல்லுங்கண்ணே" என்று எல்லோரும் காத்திருந்தார்கள். குரலை உயர்த்த வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. அன்று முதல் நான் பின்பற்றும் முறையை, இத்தகைய நிகழ்ச்சிகளை அக்கறையோடு பார்க்கிறவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவர் எந்த வகையில் திரும்பி வந்திருக்கிறார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே சீசனுக்குள் வெளியேறித் திரும்புவது ஒரு வகை. 2019இல் பிக் பாஸ் தமிழ் மூன்றாம் சீசனில் வனிதா விஜயகுமார் தொடக்கத்திலேயே வெளியேறி, பின்னர் மீண்டும் உள்ளே வந்தார். இப்படி வருகிறவர் வெளியே இருந்த நாட்களில் ஒளிபரப்பைப் பார்த்திருப்பார். தமக்குப் பின்னால் யார் என்ன பேசினார்கள், மக்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் நாம் காணும் புதுத் துணிச்சலில் பாதி அந்தத் தகவலிலிருந்து வருவது. ஆண்டுகள் கழித்து அதே போட்டிக்கு வருவது இன்னொரு வகை. வேறொரு போட்டிக்குப் போவது மூன்றாவது வகை. 2018இல் பிக் பாஸ் இரண்டாம் சீசனில் வைல்டு கார்டாக, அதாவது ஆட்டத்தின் நடுவில், நுழைந்த விஜயலட்சுமி, 2021இல் அர்ஜுன் நடத்திய, தீவில் தங்கி ஆடும் போட்டியான சர்வைவர் தமிழில் சான்சிபார் தீவில் வென்றது அப்படிப்பட்டது. இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் முதல் வருகை, வலப்பக்கம் இரண்டாவது. முதல் வருகையின் பகுதிகள் அனைத்தையும் மறுபடி பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. முதல் மூன்று நாட்களையும், அவர் வெளியேறிய வாரத்தையும் மட்டும் பார்த்தால் போதும். எழுதும்போது ஒரே ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடியுங்கள்: குணத்தைக் குறிக்கும் சொல் எதையும் எழுதாதீர்கள். "திமிர்", "பக்குவம்", "நடிப்பு" என்று எழுதிவிட்டால் அதற்குமேல் கண் எதையும் பார்க்காது. சாப்பிடும்போது யார் அருகில் உட்கார்ந்தார், தோற்றவுடன் யாரிடம் முதலில் போய்ப் பேசினார், கேள்வி கேட்டது எத்தனை முறை, பதில் சொன்னது எத்தனை முறை, தனியறையில் கேமராவிடம் சொன்னதும் வெளியே வந்து செய்ததும் ஒத்துப்போனதா என்பன போன்ற செயல்களை மட்டும் எழுதுங்கள்.

தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்க்கிற நமக்கு நம் மொழியே ஒரு நல்ல அளவுகோலைக் கொடுத்திருக்கிறது. யார் யாரை "நீ" என்கிறார், யாரை "நீங்க" என்கிறார், "வாடா" எப்போது "வாங்க" ஆகிறது, பெயர் சொல்லி அழைத்தவர் எந்த நாளில் "அக்கா" என்று தொடங்குகிறார் என்பதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் வந்தவரைப் புதியவர்கள் முதல் நாளிலேயே "அண்ணா" என்று அழைத்தால், அவருக்கு உழைக்காமலே ஒரு மரியாதை கிடைத்துவிட்டது என்று பொருள். சண்டை மூளும்போது அந்த "நீங்க" நிற்கிறதா, உடைந்து "நீ" ஆகிறதா என்று கவனியுங்கள். உடைந்த அந்த இடத்திலிருந்துதான் அவருடைய சொந்த மாற்றத்தைப் படிக்கத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்பு வரை பழைய புகழ் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நிதானித்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் தை மாதம் மாடு பிடிக்க வருகிற இளைஞர்களில் ஆண்டுதோறும் திரும்பி வருகிறவர்கள் உண்டு. முதல் ஆண்டு வருகிற மாட்டின் மீதெல்லாம் பாய்ந்தவர், மறு ஆண்டு எந்த மாட்டை விடுவது, எந்தத் திமிலைத் தொடுவது என்று தேர்ந்து நிற்பார். அந்த வேறுபாடு முழுக்க முழுக்க அவருடையது. போன ஆண்டு கார் வென்றவர் இவர் என்பது வாடிவாசலிலிருந்து வெளிவரும் காளைக்குத் தெரியாது. தொலைக்காட்சிப் போட்டியிலோ எதிரே நிற்கிற ஒவ்வொருவரும் அவருடைய பழைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஆகவே மாறியது ஆளா, எதிரே இருப்பவர்களின் அறிவா என்று பிரித்துப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.

இதற்கு அமெரிக்க சர்வைவரில் ஏறக்குறைய ஒரு சோதனைச்சாலை அளவுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. ரசல் ஹாண்ட்ஸ் 2009இல் ஒளிபரப்பான சமோவா சீசனில் இறுதிவரை வந்தார். அந்தச் சீசன் ஒளிபரப்பாவதற்கு முன்பே அடுத்த சீசனின் படப்பிடிப்பும் முடிந்துவிட்டதால், 2010இல் நாம் பார்த்த அந்தச் சீசனில் அவரோடு ஆடிய பழைய போட்டியாளர்கள் யாரும் அவருடைய ஆட்டத்தைப் பார்த்திருக்கவில்லை. அதே முறையில் ஆடி மீண்டும் இறுதி மூவரில் ஒருவரானார். 2011இல் அவர் மூன்றாம் முறை வந்தபோது எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. தோற்ற அணி தன் ஆட்களில் ஒருவரை வாக்களித்து வெளியேற்ற வேண்டும் என்பதால், அவருடைய அணியினர் ஒரு போட்டியில் வேண்டுமென்றே தோற்று, அவரை ஆரம்பத்திலேயே வெளியேற்றினார்கள். மூன்று வருகைகளிலும் ஆள் பெரிதாக மாறவில்லை. சுற்றி இருந்தவர்களுக்குத் தெரிந்ததுதான் மாறியது.

அதே 2011 சீசனில் எதிரணியில் இருந்தவர் ராப் மரியானோ. 2002இல் பாதி வழியில் வெளியேறியவர், 2004இல், வெளியேறிய போட்டியாளர்கள் வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் இறுதி வாக்கெடுப்பில் 4-3 என்ற கணக்கில் தோற்றவர், 2010இல் மீண்டும் சீக்கிரமே வெளியேறியவர். நான்காம் முறை அவரைச் சுற்றி இருந்த அனைவரும் புதியவர்கள். அவருடைய பெயருக்கு அவர்களிடையே மதிப்பு இருந்தது. தம் கூட்டத்தில் யாரும் எதிரணியினரோடு தனியாகப் பேசக் கூடாது, எங்கு போனாலும் இருவராகத்தான் போக வேண்டும் என்று அவர் வைத்த ஏற்பாட்டைப் பாருங்கள். முந்தைய முறைகளில் கற்ற பாடமும் கிடைத்த சூழலும் அதில் ஒன்றுசேர்ந்திருந்தன. இறுதியில் 8-1 என்று வென்றார். ஒரே சீசனில் பழைய புகழ் ஒருவரைக் கவிழ்த்தது, இன்னொருவரைத் தூக்கிவிட்டது. இந்த இருவரின் பக்கங்களையும் அருகருகே எழுதிப் பழகினால் மற்றவர்களைப் பார்க்கும் கண் தானாக வரும்.

சூழலைக் கழித்த பிறகு மிஞ்சும் மாற்றத்தை எங்கே தேடுவது? பலர் நுழைவு நாளில் தேடுகிறார்கள். அன்று எல்லோரும் ஒத்திகை பார்த்த முகத்தோடு வருவார்கள். தூக்கம் கெட்ட நாள், முதல் தோல்வி, நம்பியவர் கைவிட்ட இரவு ஆகியவற்றைப் பாருங்கள். டோனி விளாக்கோஸ் 2014இல் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்டும், ஓயாமல் ஓடியும் சர்வைவரில் வென்றவர். 2017இல் அதே வேகத்தோடு முதல் நாளே காட்டுக்குள் ஓடி, வெளியேற்றத்திலிருந்து காக்கும் ஒளித்துவைத்த சின்னத்தைத் தேடத் தொடங்கினார். இரண்டாவது ஆளாக வெளியேற்றப்பட்டார். முன்னாள் வெற்றியாளர்கள் இருபது பேர் மட்டும் ஆடிய 2020 சீசனில், தொடக்க நாட்களில் மரக்கழிகளைச் சேர்த்து ஏணி கட்டிக்கொண்டும், கூட இருப்பவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டும் இருந்தார். பாதி ஆட்டத்துக்குப் பிறகு மீண்டும் ஒட்டுக்கேட்க மரத்தில் ஏறி உட்கார்ந்தார். 20 லட்சம் டாலர் பரிசையும் வென்றார். குணம் போகவில்லை, அதை எந்த நாளில் வெளியே எடுப்பது என்பதைக் கற்றிருந்தார். என் பார்வையில், திரும்பி வருகிறவர்களிடம் நாம் காணக்கூடிய உண்மையான மாற்றம் பெரும்பாலும் இந்த நாள் பார்க்கும் அறிவுதான்.

படத்தொகுப்பையும் மறக்கக் கூடாது. ஒருநாள் முழுவதும் நடந்ததை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் தருகிறபோது, பழைய பெயருக்குப் பொருந்தும் காட்சிகளுக்கே முன்னுரிமை கிடைப்பது இயல்பு. முன்னாள் போட்டியாளர்களைக் கொண்டு 2022இல் நடந்த பிக் பாஸ் அல்டிமேட் இருபத்துநான்கு மணி நேரமும் ஹாட்ஸ்டாரில் ஓடியதால், அதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருக்கும். நான்காம் சீசனில் இரண்டாம் இடம் பெற்ற பாலாஜி முருகதாஸ் அதில்தான் வென்றார். நேரலை இல்லாத நிகழ்ச்சிகளில் முன்னோட்டத் துணுக்கை வைத்து நோட்டில் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

வேடம் மாறி வருகிறவர்களுக்கு மட்டும் நடுக்கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். சூப்பர் சிங்கரில் பாடிய சிவாங்கி, சமையல் போட்டியான குக் வித் கோமாளியில், சமைப்பவருக்குத் துணைநிற்கும் கோமாளியாக வந்து, 2023இல் நான்காம் சீசனில் சமைப்பவராகவே நின்றார். கோமாளிக்குச் சட்டி கருகினால் அது சிரிப்பு. சமைப்பவருக்கு அது மதிப்பெண். கலகலப்பு குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு முன், அந்த இடத்தில் நிற்கிற யாருக்கும் அது குறையுமா என்று உடன் சமைப்பவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது அத்தையும் எழுதுகிறார். பால் கணக்கு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். நாள், யார், யாரை, என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று நான்கு கட்டங்கள் மட்டுமே அதில் உண்டு. பதினேழாம் நாளுக்கு எதிரே, "அண்ணே" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்.