ஆனையிறவு வெள்ளையில் தண்டவாளத்தைப் படம் எடுப்பது எப்படி

ஸ்னோவுக்குள் ஓடுகிற தண்டவாளத்தைப் படம் எடுத்துப் போடுகிற கனடாச் சொந்தங்களைப் பார்த்து நாங்கள் ஏங்கத் தேவையில்லை. ஆடி, ஆவணியில் களப்பு வற்றினதும் ஆனையிறவில் கரையோரம் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும், யாழ்ப்பாணம் போகிற யாழ் தேவி ரயிலின் பாதையும் அந்தப் பக்கத்தால்தான் ஓடுகிறது. கமராவுக்கு ஸ்னோவும் உப்பும் ஒன்றுதான், இரண்டிலும் அது ஒரே பிழையைத்தான் விடும்.

எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துத்தான் கமரா வெளிச்சத்தைக் கணக்குப் போடும். படம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று தானே குறைத்துவிடும், உப்பு அழுக்கு நிறத்தில் வரும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, +1 அல்லது +1.5 அளவுக்கு நீங்களே ஏற்றுங்கள். வெயிலடிக்கும் ஸ்னோவில் சில நேரம் +2 வரைகூடப் போகலாம். ஃபோன் என்றால் வெள்ளையான இடத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து லொக் பண்ணிவிட்டு, வெளிச்சத்தை மேலே இழுங்கள். திரையை நம்பி முடிவெடுக்காதீர்கள், அந்த வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டை இடப் பக்கமும் வெளிச்சத்தை வலப் பக்கமும் காட்டும் வரைபடம், வலது பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், ஆனால் ஓரத்தில் முட்டக்கூடாது, முட்டினால் உப்புப் பரல் ஒன்றும் மிஞ்சாது.

நேரம் என்றால் விடியக்காலைதான். அங்கே பாதை கிட்டத்தட்டத் தெற்கு வடக்காக ஓடுவதால், சூரியன் தாழ நிற்கும்போது வெயில் பக்கவாட்டில் விழும். தண்டவாளத்தின் மேல்முகம் சில்லு உரசி உரசிப் பளபளக்கும், பக்கங்கள் துருப்பிடித்துக் கபில நிறமாக இருக்கும், உங்கள் படத்தைத் தூக்கி நிறுத்துவது அந்தக் கரிய கோடுதான். 1990 இல் நின்ற ரயில் ஓட்டம் 2014 இல் திரும்ப வந்தபோது, தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடக்கிற சிலிப்பர்க் கட்டைகளைக் கொங்கிரீட்டில்தான் போட்டார்கள், அதன் வெளிர் நிறம் உப்போடு கலந்து மறைந்துவிடும். ஆகவே சிலிப்பரை நம்பாமல், தண்டவாளம் சல்லிக்கல்லில் போடுகிற நிழலைத் தேடுங்கள். மத்தியானத்தில் அந்த நிழலே இருக்காது.

தயவுசெய்து பாதைக்குள் இறங்கி நின்று எடுக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், சோளகக் காற்று காதுக்குள் இரைகிற நேரம் பின்னால் ரயில் வருவதே கேட்காது. கடவையில் கேற்றுக்கு வெளியே நின்றோ, ஸ்டேசன் மேடையில் விளிம்பைவிட்டுத் தள்ளி நின்றோ லென்ஸை 200 எம்எம் அளவில் சூம் பண்ணுங்கள், தூரத்து வளைவெல்லாம் நெருங்கி வந்து, நடுவில் நின்று எடுத்ததைவிட நல்லாகவே வரும். உப்பளத்துக்குள் போவதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள்.

வைட் பலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் செற்றிங்கை, கமராவின் ஓட்டோவில் விடாமல் வெயிலுக்கு உரியதில் வையுங்கள், அவ்வளவு போதும்.

அப்புறம் லென்ஸ். காற்றோடு வந்த உப்புத்தூள் ஒட்டியிருக்கும்போதே துணியால் துடைத்தால் கீறிவிடும், முதலில் ப்ளோவரால் ஊதிவிட்டுத் துடையுங்கள். ஸ்னோவில் எடுக்கிறவர்கள் சூடான வீட்டுக்குள் நுழைய முன்னமே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அது ஆறுதலாகச் சூடேறின பிறகு திறவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துவிடும்.