'கொழுந்து' இருக்க 'கடல்' எதற்கு?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் படுகு, அதாவது நீலகிரிப் படுகர்களின் மொழி, பேசுகிறார்கள். மீதிப் பேர் எஸ்டேட் லயன் வீட்டுப் பிள்ளைகள் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), அவர்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் புத்தகத் தமிழ் இல்லை. இவர்களுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதில் நாம் செய்யும் தவறுகளைக் கீழே சொல்கிறேன், அவற்றில் முக்கால்வாசி நானே செய்தவை.

பெரிய தவறு, பிள்ளையின் வாயைத் திருத்துவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் ஓடி வந்து, "டீச்சர், ஹாலு குடிச்சேன்" என்றான். "ஹாலு இல்லடா, பால்" என்றேன். அப்புறம் ஒரு வாரம் அவன் என்னிடம் வாயே திறக்கவில்லை. தமிழில் ப என்று தொடங்கும் பல சொற்கள் படுகில் ஹ என்று தொடங்கும். நாம் 'வா' என்பதை அவர்கள் 'பா' என்பார்கள், பஸ்ஸில் வருகிற ப. அதனால்தான் நோட்டில் 'வந்தான்' என்பது 'பந்தான்' ஆகிறது. இது கொச்சை இல்லை, வேறு மொழி. இப்போது பலகையில் பால் – ஹாலு, பல் – ஹல்லு என்று ஜோடியாக எழுதிவிடுகிறேன், நாலைந்து ஜோடி எழுதுவதற்குள் விதி என்ன என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். லயன் பிள்ளைகள் விஷயமும் இதேதான். காட்டெருமை வீட்டுக்குப் பின்னால் வந்து நின்ற கதையை மூச்சு வாங்க ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "அப்பா ஓடி வந்தாங்க" என்பதை "வந்தார்" என்று திருத்தினால் கதை அங்கேயே செத்தது. முதலில் சொல்லி முடிக்கட்டும். எழுதும்போது 'வந்தார்' தானாக வரும்.

அடுத்தது, 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டிவிட்டு முதல் வரிசையிலிருந்து கடைசி வரை இழுப்பது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், கணக்கு சரிதான். ஆனால் பிள்ளை தனித்தனியாக 247 உருவம் படிக்க வேண்டியதில்லை, குறிகள் எங்கே எப்படி ஒட்டுகின்றன என்று பிடிபட்டால் போதும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, லை, னை எல்லாம் ஒழுங்காகிவிட்டன (பாட்டி எழுதும் லையில் இன்னும் தும்பிக்கை இருக்கும், அதைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்). உகர, ஊகார வரிசைகளை மட்டும் யாரும் தொடவில்லை. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி திரும்பும், அங்கேதான் நிதானம் வேண்டும், மற்ற வரிசைகளில் வேகமாகப் போகலாம்.

கொம்பு இன்னொரு கண்ணி. 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். காதுக்கு க் முதலில் கேட்கிறது, கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் "பார்த்து எழுது" என்றால் பிள்ளை 'கெகா' என்றுதான் வாசிக்கும். தொடு, தோடு என்று சொல்லிக் காதைத் தொட வைத்து, ஒற்றைக் கொம்பு எது இரட்டைக் கொம்பு எது என்று காட்டிப் பாருங்கள். கூடவே 'கொழுந்து' என்று எழுத வையுங்கள், தேயிலைக் கொழுந்துதான். கொம்பு, கால், ழு, ந், து எல்லாம் ஒரே சொல்லில் கிடைக்கிறது, அம்மா தினமும் பறிப்பதும் அதுதான். இங்கே கண்ணில் படாத கடலும் பனைமரமும் அப்புறம் வரட்டும்.

"பஸ்ஸுக்கு வேற ப இல்லையா டீச்சர்?" என்று யாராவது கேட்டால் அதட்டாதீர்கள், நல்ல காது. பல், கம்பு இரண்டிலும் எழுத்து ஒன்றுதான், ம் பக்கத்தில் வந்ததும் ஒலி மாறுகிறது என்று சொல்லுங்கள். பஸ் வெளியிலிருந்து வந்த சொல், விதிக்கு அடங்காது என்பதையும் சொல்லிவிடலாம்.

கோரஸ் வாசிப்பை நம்பவே நம்பாதீர்கள். முப்பது குரலில் நாலு பேர்தான் வாசிப்பார்கள், மற்றவர்கள் அரை நொடி தாமதமாகப் பாடுவார்கள். முத்து முத்தாகப் பார்த்து எழுதும் கையெழுத்தும் அப்படித்தான் ஏமாற்றும். படத்தை மறைத்து, கடைசி வரியிலிருந்து ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் தெரிந்துவிடும்.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது நமக்காக, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்று தெரிந்துகொள்ள. "அரும்பு எல்லாம் இங்க வா" என்று கூப்பிட்டால் அடுத்த நாளே அது பட்டப்பெயர் ஆகிவிடும்.

கடைசியாக, சமவெளியில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம், குளிர். மார்கழியில் காலை முதல் மணிக்கே சொல்வதெழுதுதல் வைத்துவிட்டுக் கையெழுத்து கோணல் என்று சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன், விரலெல்லாம் விறைத்துக் கிடந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அந்த மாதங்களில் முதல் மணி முழுக்கப் பேச்சுதான், நேற்று பார்த்தது, வழியில் பார்த்தது, எந்த மொழியில் வேண்டுமானாலும். பனி விலகி வராண்டாவில் வெயில் விழுந்த பிறகு நோட்டை எடுக்கச் சொல்கிறேன்.